ஒரு செயலி, பல குடித்தனம்



ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தை நம்மில் பலர் அறிவோம். அங்கே எண்ணெய்ப் பனை நின்ற தோட்ட நிலத்தில், இன்று கணினிகள் குடியிருக்கும் பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றைத் தரவு மையங்கள் என்று அழைக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒய்.டி.எல். பவர் நிறுவனமும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனமும் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையம் ஒன்றைக் கூலாயில் அமைக்கப்போவதாக அறிவித்தன. இப்படிப்பட்ட மையங்களில் இருக்கும் பொருள்களிலேயே விலையுயர்ந்தது வரைகலைச் செயலி என்பதாகும். ஜி.பி.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

விலை மட்டுமா? மின்சாரத்தையும் அது ஏராளமாகக் குடிக்கும். என்விடியாவின் எச்100 வகைச் செயலி ஒன்று, முழு வேலையில் இருக்கும்போது 700 வாட் வரை மின்சாரம் எடுக்கக்கூடியது. நம் வீட்டில் சோறு சமைக்கும் மின்சாரக் குக்கரும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும். ஆனால் குக்கர் அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். செயலியோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். வேலையே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் ஓரளவு மின்சாரம் அதற்குச் செலவாகிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே, இதை ஒருவரே பிடித்து வைத்துக்கொண்டு பாதி நேரம் சும்மா போட்டு வைப்பது யாருக்கும் கட்டுபடியாகாது. பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கு என்று வந்துவிட்டால் யாருக்கு எவ்வளவு, எப்போது, எந்த ஒழுங்கில் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுமல்லவா? ஒரே வரைகலைச் செயலியைப் பல மென்பொருள்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையே இன்றைய உரையில் காண்போம்.

முதலில், வரைகலைச் செயலி என்றால் என்ன என்று பார்ப்போம்.

எந்தக் கணினியிலும் மையச் செயலி என்று ஒன்று உண்டு. அது தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் போன்றது. செக்ரோல் எழுதுவார், சம்பளக் கணக்குப் பார்ப்பார், கடிதத்துக்குப் பதில் போடுவார். எந்த வேலை வந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தமாக முடிப்பார். ஆனால் நூறு ஏக்கர் நிலத்தில் புல் வெட்ட வேண்டுமென்றால் கிராணி ஒருவரால் ஆகுமா? அதற்கு, ஒரே மாதிரியான வேலையை ஒரே நேரத்தில் செய்யும் பெரிய ஆள்கூட்டம் வேண்டும். வரைகலைச் செயலி அந்த ஆள்கூட்டத்தைப் போன்றது.

கணினித் திரையில் தெரியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ள திரையில் மொத்தம் 2,073,600 புள்ளிகள் இருக்கின்றன. படம் அசைய வேண்டுமானால், ஒவ்வொரு புள்ளிக்கும் வினாடிக்குப் பல முறை நிறம் கணக்கிட வேண்டும். இந்த வேலைக்காகவே வரைகலைச் செயலி உருவானது. 1999-ஆம் ஆண்டு ஜீஃபோர்ஸ் 256 என்ற பொருளை வெளியிட்டபோது என்விடியா நிறுவனம் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. 2007-ஆம் ஆண்டில், படம் வரைவதோடு நில்லாமல் பொதுவான கணக்குகளையும் இந்தச் செயலியிலே செய்வதற்கான குடா என்னும் மென்பொருள் தொகுதியை அது வெளியிட்டது.

2012-ஆம் ஆண்டு, கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும், படங்களில் உள்ள பொருள்களை இனங்காணும் கணினி வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுக் கணினிகளுக்காக விற்கப்பட்ட இரண்டே வரைகலைச் செயலிகள். ஐந்தாறு நாள்களில் பயிற்சி முடிந்தது. படம் இனங்காணும் போட்டியில் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே போய் நின்றது அந்த வலையமைப்பு. அன்றிலிருந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் எல்லாரும் வரைகலைச் செயலியைத் தேடத் தொடங்கினார்கள்.

அடுத்ததாக, மென்பொருள் கொள்கலன் என்பது என்ன?

ஒரு மென்பொருள் தனியாக இயங்குவதில்லை. அதற்குத் துணையாகப் பல கோப்புகளும் உதவி மென்பொருள்களும் தேவைப்படும். ஒன்றுக்குத் தேவையான துணைப்பொருள் மற்றொன்றுக்கு ஒத்துவராமல் போவதுண்டு. எனவே, ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து ஒரு கட்டாகக் கட்டித் தனித்தனியாகக் குடிவைக்கிறார்கள். இதுவே கொள்கலன். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இம்முறையை உலகமெங்கும் பரப்பியது.

நம் தோட்டத்து லயத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனி அடுப்படி. ஆனால் கூரை ஒன்று, நடுச்சுவர் பொது. கொள்கலன்களும் அப்படியே. அவற்றுக்கெல்லாம் பொதுக்கூரையாக இருப்பது, கணினியின் இயக்க முறைமையின் கரு. கூரையும் சுவரும் தனித்தனியாக உள்ள பங்களாவைப் போன்ற ஏற்பாடும் கணினி உலகில் உண்டு. அதற்கு மெய்நிகர்க் கணினி என்று பெயர். பங்களாவில் பாதுகாப்பு அதிகம்; ஆனால் இடமும் செலவும் அதிகம். லயத்தில் அதே நிலத்தில் பல குடும்பங்களைக் குடிவைக்கலாம்.

ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களுக்கு அளவு வேண்டும். லினக்ஸ் என்ற இயக்க முறைமையின் கருவில் 2008-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்று அதற்குப் பெயர். கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் தொடங்கிவைத்த பணி அது. இந்தக் கொள்கலன் மையச் செயலியில் இவ்வளவு நேரம்தான் எடுக்கலாம், நினைவகத்தில் இவ்வளவு இடம்தான் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் மீட்டர் பொருத்தி வைப்பது போன்றது அது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மீட்டர் வரைகலைச் செயலியின் உள்ளே எட்டுவதில்லை. வரைகலைச் செயலிக்குச் சொந்தமாக ஒரு நினைவகம் இருக்கிறது; அதை ஆள்வதற்கு, தயாரித்த நிறுவனமே எழுதிய இயக்கி மென்பொருள் இருக்கிறது. கொள்கலனுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடலாம், அல்லது மூடிவைக்கலாம். திறந்துவிட்டபின் உள்ளே போனவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதைப் பார்க்கக் கருவுக்கு வழியில்லாமல் நெடுங்காலம் இருந்தது.

பல கணினிகளில் கொள்கலன்களைப் பகிர்ந்து அமர்த்துவதற்குக் குபர்நெட்டீஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் இதை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று இச்சொல்லுக்குப் பொருள். காலையில் பெரட்டுக் களத்தில், யார் எந்த நிரைக்குப் போவது என்று ஆள் பிரித்து அனுப்பும் கங்காணியின் வேலையை இது செய்கிறது. மையச் செயலியில் அரைப் பங்கு, கால் பங்கு என்று கேட்டால் இது கொடுக்கும். ஆனால் வரைகலைச் செயலி என்று வந்தால், வழக்கமான முறையில் முழு எண்ணாகத்தான் கேட்க வேண்டும். ஒன்று கேட்கலாம், இரண்டு கேட்கலாம்; அரை கேட்க முடியாது. இதனால், சிறிய வேலையுள்ள ஒரு கொள்கலன் ஒரு முழுச் செயலியைப் பிடித்துக்கொள்ள, பெரிய வேலையோடு மற்றொன்று வாசலில் காத்து நிற்கும் நிலை உண்டாகிறது.

இதைத் தீர்க்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, முறை வைத்தல். நம் சிறிய தோட்டப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரே இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் கூட்டு வகுப்பு முறையை நேயர்கள் அறிவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவருக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்து எழுதச் சொல்வார். உடனே நான்காம் ஆண்டின் பக்கம் திரும்புவார். செயலியும் இவ்வாறே ஒரு கொள்கலனுக்குச் சிறிது நேரம், மற்றொன்றுக்குச் சிறிது நேரம் என்று மாறி மாறி வேலை செய்கிறது. மாற்றம் மிக விரைவாக நடப்பதால், ஒவ்வொருவருக்கும் தனிச் செயலி இருப்பதுபோலத் தோன்றும். குபர்நெட்டீஸிடம் ஒரு செயலியை நான்கு என்று சொல்லி வைக்கவும் இயலும்.

எளிய முறைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறை வைப்பது நேரத்துக்கு மட்டுமே, இடத்துக்கு இல்லை. எல்லாக் கொள்கலன்களின் பொருள்களும் ஒரே நேரத்தில் செயலியின் நினைவகத்தில்தான் இருந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்விடியாவின் ஏ100 என்ற செயலியில் 40 ஜிகாபைட் நினைவகம் உள்ள வகை ஒன்று உண்டு. மொழி மாதிரி ஒன்று 700 கோடி எண்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு 2 பைட் வீதம் 1,400 கோடி பைட், அதாவது 14 ஜிகாபைட் இடம் வேண்டும். ஒரு கொள்கலன் வந்தால் 14. இரண்டு வந்தால் 28. மூன்று வந்தால் 42! இருப்பதோ 40. மூன்றாவது கொள்கலன் இடமில்லை என்று நின்றுபோகும். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் தண்டனை அதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. டென்சர்ஃபுளோ என்ற புகழ்பெற்ற மென்பொருள், நாம் வேறுவிதமாகச் சொல்லி வைக்காவிட்டால், தொடங்கியவுடன் செயலியின் நினைவகம் ஏறக்குறைய முழுவதையும் தனக்கென எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் முதலில் வந்தவர் பொதுக்குழாயில் தம் வீட்டு வாளி, அண்டா, குடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டால் பின்னால் வருபவர் கதி என்ன? இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தனியாக இருக்கும் வீட்டில் அது நல்ல பழக்கமே. லயத்தில்தான் அது தொல்லையாகிறது.

இரண்டாம் வழி, ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்தல். ஒரு கொள்கலனின் சிறிய வேலைக்குச் செயலியின் உள்ளே இருக்கும் எல்லா ஆள்களும் தேவைப்படமாட்டார்கள். ஏ100 செயலியில் 6,912 சிறு கணிப்பகுதிகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி ஒருவர் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, மீதிப் பகுதி மற்றவர் வேலையைச் செய்யலாமே! இதற்காக என்விடியா தந்திருக்கும் ஏற்பாடு பல்நிரல் சேவை. ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு ஆள்கள், இவ்வளவு நினைவகம் என்று உச்சவரம்பும் வைக்கலாம். சும்மா இருக்கும் ஆள்கள் குறைவதால் பயன் கூடுகிறது. ஆனால் ஒரு குறை: ஒருவருடைய நிரலில் கடுமையான பிழை நேர்ந்தால், உடன் வேலை செய்யும் மற்றவர்களின் வேலையும் கெடக்கூடும். ஒருவரையொருவர் நம்பும் குழுவுக்கே இது பொருந்தும்.

மூன்றாம் வழி, சுவர் எழுப்புதல். 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ஏ100 செயலியில் இந்த வசதி முதன்முதலாக வந்தது. ஒரு செயலியை ஏழு பங்கு வரை பிரிக்கலாம். இது மென்பொருள் போடும் கோடு மட்டுமன்று. செயலியின் வன்பொருளிலேயே ஒவ்வொரு பங்குக்கும் கணிப்பகுதியும் நினைவகமும் அவற்றுக்கிடையே உள்ள பாதையும் தனித்தனியாக ஒதுக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் எவ்வளவு கூச்சல் நடந்தாலும் பக்கத்து வீட்டுத் தூக்கம் கெடாது.

ஆனால் சுவருக்கும் விலை உண்டு. 40 ஜிகாபைட் செயலியை 5 ஜிகாபைட் வீதம் ஏழு பங்காகப் பிரித்தால், ஏழைந்து முப்பத்தைந்துதான் பயன்படும். மீதி 5 ஜிகாபைட் யாருக்கும் இல்லாமல் கிடக்கும். மேலும், நாம் முன்பு சொன்ன 14 ஜிகாபைட் மாதிரி 5 ஜிகாபைட் வீட்டில் நுழையவே முடியாது. அதற்காக 20 ஜிகாபைட் வீதம் இரண்டு வீடாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் கணிப்பகுதியில் ஏழில் மூன்று பங்கு போய், ஒரு பங்கு மிஞ்சிவிடும். பிரிவை மாற்றியமைக்க வேண்டுமென்றால் அந்த வீடுகளில் குடியிருப்பவர்களை முதலில் வெளியேற்றியாக வேண்டும். நேற்று எழுப்பிய சுவர் இன்றைய தேவைக்குப் பொருந்தாமல் போவது வீட்டுக்கும் உண்டு, செயலிக்கும் உண்டு.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பங்கிடப்போகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்தது அது. கல்லூரி மாணவர் பத்துப் பேர் பாடம் பயில்கிறார்கள் என்றால், அவர்கள் பெரும்பாலான நேரம் யோசிப்பார்கள், தட்டச்சு செய்வார்கள். செயலியைத் தொடுவது எப்போதோ ஒருமுறை. அவர்களுக்கு முறை வைத்தல் போதும். ஒரே நிறுவனத்தின் சிறு சிறு வேலைகள் பல என்றால் இரண்டாம் வழி சிக்கனமானது. மருத்துவமனையின் எக்ஸ்ரே படத்தை ஆராயும் மென்பொருள், முன்பின் அறியாத வேறொருவரின் மென்பொருளோடு ஒரே செயலியில் இருக்க நேர்ந்தால், சுவர் இல்லாமல் வைப்பது தகாது.

நேயர்களே, வழியைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பங்கை நிர்வாகம் செய்யவும் வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை செயலிக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கிறார்கள். அவசர வேலைக்கு முன்னுரிமை கொடுத்து, அவசரமில்லாததை இறக்கி வைக்கிறார்கள். அப்படி இறக்கப்படும் வேலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நெடுநாள் ஓடும் பயிற்சி, தான் எதுவரை வந்திருக்கிறது என்பதை அவ்வப்போது சேமித்து வைத்துக்கொண்டால், இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். முழு எண்ணாகத்தான் கேட்க வேண்டும் என்ற குறைக்கும் மருந்து வந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வெளிவந்த குபர்நெட்டீஸ் 1.34 பதிப்பில், இன்ன தன்மையுள்ள செயலி வேண்டும் என்று விவரமாகக் கேட்டுப் பெறும் புதிய முறை நிலைபெற்றது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, உள்ளபடி அளப்பது. செயலி எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கருவி மென்பொருளை என்விடியாவே தருகிறது. அது 100 விழுக்காடு என்று காட்டினால், செயலி முழுவதும் உழைக்கிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணின் பொருள் அதுவன்று. அளந்த நேரம் முழுவதும் ஏதேனும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். நூறு பேர் நிற்கும் காட்டில் ஒரே ஒருவர் நாள் முழுவதும் புல் வெட்டினாலும், அந்தக் காட்டில் இன்று வேலை நடந்தது என்று எழுதலாம். அதை வைத்து நூறு பேரும் உழைத்ததாகக் கணக்குக் காட்ட முடியுமா? எண் பொய் சொல்வதில்லை. நாம்தான் அது எதை அளக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்கலனுக்குள் வரைகலைச் செயலியைக் கொண்டுவர உதவும் என்விடியாவின் கருவித்தொகுதியில் கடுமையான குறை ஒன்று இருப்பது 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளியானது. தீய நோக்கத்தோடு அமைக்கப்பட்ட ஒரு கொள்கலன், தன் வீட்டுச் சுவரைத் தாண்டி, கணினி முழுவதையும் கைப்பற்ற அது இடம் கொடுத்தது. குறையை நீக்கிய பதிப்பை நிறுவனம் வெளியிட்டது. பொதுக்கூரையின்கீழ் வாழ்பவர்கள் கூரையை அடிக்கடி பழுது பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று. திருத்தம் வந்தவுடன் அதைப் பொருத்தாதவர், தம்மோடு பக்கத்து வீட்டாரையும் ஆபத்தில் வைக்கிறார்.

இத்தனையும் நமக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கணினி படிக்கும் நம் பிள்ளைக்கு ஒரு முழு வரைகலைச் செயலியை வாங்கிக்கொடுக்க நம்மால் இயலாது. ஆனால் பங்கிடும் கலை வளர்ந்திருப்பதால், ஏழில் ஒரு பங்கையோ, நாளில் சில மணி நேரத்தையோ பெற்று அவன் படிக்கலாம், அவள் படிக்கலாம். கூகுள் நிறுவனத்தின் கோலாப் சேவை, இணையத்தின் வழியே வரைகலைச் செயலியை இலவசமாகவும் பயன்படுத்த இடமளிக்கிறது. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு நேரமும் அளவும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. கேட்ட போதெல்லாம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஏன் அந்தக் கட்டுப்பாடு என்று இப்போது நமக்கு விளங்கும். வேலை முடிந்ததும் இணைப்பை மூடிவிடும் பிள்ளை, முகமறியாத மற்றொரு பிள்ளைக்கு இடம் கொடுக்கிறது.

பனை நின்ற நிலத்தில் எழுந்துள்ள கட்டடங்களில், செயலிகளை நிறுவவும் பராமரிக்கவும் பங்கிட்டுக் கொடுக்கவும் ஆள்கள் வேண்டும். அந்த வேலை அறிந்தவர்களுக்கே கிடைக்கும். தரவு மையத்தின் கதவருகே காவலாளியாக நிற்பதும் நேர்மையான தொழில்தான். ஆயினும், உள்ளே யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் சிலர் அமர வேண்டுமல்லவா? ஒரு கூரையின்கீழ், ஒரு குழாயடியில், அளவோடு எடுத்து அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இந்தப் பாடத்தின் பாதியை வீட்டிலேயே படித்துவிட்டார்கள். மீதிப் பாதியான கணிதத்தையும் கணினியையும் பள்ளியில் கேட்டுப் படிக்கும்படி அவர்களை ஊக்குவிப்போம்.